கேலக்ஸி எஸ் வரிசை: உங்கள் கையில் இருந்த தலைமுறை எந்த வேலையை மாற்றியது?

நொய்யல்கரை (திருப்பூர்):

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) வேலை பார்க்கிறேன். பையர் (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) கேட்ட நிறம் துணியில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே என் நாளில் பாதி போய்விடும் என்பதால், கைப்பேசி வாங்கும்போது திரையையும் கேமராவையும்தான் முதலில் பார்ப்பேன். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் 2010-இல் வந்த முதல் மாடல், பிறகு எஸ்3, எஸ்6, எஸ்9, இப்போது எஸ்24 என ஐந்து தலைமுறைகள் என் கையில் இருந்திருக்கின்றன. அவை என் வேலையில் எதை மாற்றின என்பதை எழுதுகிறேன். உங்களிடம் இருந்தவற்றைப் பற்றி நீங்களும் எழுத வேண்டுகிறேன்.

முதல் கேலக்ஸி எஸ்ஸின் நான்கு அங்குல சூப்பர் அமோலெட் திரையை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது; கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே விடுகிறது. அதனால் கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது. கேமரா ஐந்து மெகாபிக்சல், ஃபிளாஷ் கிடையாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்க வேண்டிய நிலை எங்களுக்கு வந்தது. நேரில் போய் ஷேடு, அதாவது சாயமேறிய நிறம், பார்க்க முடியாத நாட்களில் அங்கிருக்கும் எங்கள் ஆள் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். நான் இங்கே திரையில் பார்த்துச் சொல்வேன்.

அப்படி ஒரு முறை காவி கலந்த சிவப்பு ஒன்றைப் படத்தில் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டேன். ரோல்கள் வந்து இறங்கிய அன்று, ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டிய இரண்டு விரல் அகல ஸ்வாட்சையும் (நிற மாதிரித் துண்டு) துணியையும் லைட் பாக்ஸுக்குள், பகலொளியை ஒத்த டி65 விளக்கின் கீழ் அருகருகே வைத்துப் பார்த்தால், துணி மங்கிய செங்கல் நிறத்தில் கிடந்தது. சாய மாஸ்டர் இரண்டையும் விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, துணியத் தொட்டுப் பாக்காம ஷேடுக்குச் சரின்னு சொல்லலாமுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தவறு முழுவதும் என்னுடையது. அமோலெட் திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, சாதாரணப் படங்கள் பதிவாகும் எஸ்ஆர்ஜிபி எல்லையைவிட அகலமானது என்பதும், படத்தை அந்த எல்லைக்குள் அடக்காமல் விரித்துக் காட்டினால் சிவப்பும் பச்சையும் உள்ளதைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதும் அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

ஆகவே எஸ்6 வாங்கியபோது நான் முதலில் தேடியது திரை அமைப்பில் இருந்த 'பேசிக்' என்ற தெரிவைத்தான். அது நிறங்களை எஸ்ஆர்ஜிபிக்குள் நிறுத்திவிடும். கடைக்காரர் "இதுல வச்சா டல்லா இருக்குமுங்க" என்றார். எனக்கு வேண்டியது அந்த டல்தான். எஸ்10 முதல் அதே தெரிவு 'நேச்சுரல்' என்ற பெயரில் வருகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். இன்றும் நிறத்துக்கு இறுதி ஒப்புதலைத் துணியை வைத்துத்தான் தருகிறோம் என்றாலும், ஷேடு அறவே ஒத்துவராத துணியைப் படத்திலேயே தள்ளிவிட முடிகிறது.

எஸ்9 கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லென்ஸில் ஒளி நுழையும் துவாரம் எஃப்1.5 (பெரியது), எஃப்2.4 (சிறியது) என்ற இரண்டு அளவுகளுக்கு இடையே உண்மையாகவே மாறும். லென்ஸைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு கேமராச் செயலியில் அளவை மாற்றினால், உள்ளே மெல்லிய இதழ்கள் கூடுவதும் விலகுவதும் தெரியும். ஊசி ஓட்டையையும் லைக்ரா (இழுபடும் நூல்) அறுந்த இடத்தையும் நெருங்கிப் படமெடுக்கும்போது எஃப்2.4-இல் துணியின் கூடுதல் பரப்பு தெளிவாக விழுந்தது. எஸ்20-இல் அந்த அமைப்பை எடுத்துவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

இப்போது வைத்திருக்கும் எஸ்24-இல் என்னைக் கவர்ந்தது ஏழு ஆண்டுகளுக்கு ஆண்ட்ராய்டு மேம்பாடும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக அளித்திருக்கும் உறுதி. ஆண்ட்ராய்டு 2.1-உடன் வந்த முதல் மாடல் 2.3-உடன் நின்றுபோனது, எஸ்9-க்கு வந்தவை இரண்டு பெரிய மேம்பாடுகள்.

தறிச்சத்தம் (சோமனூர்):

அண்ணன் திரையைப் பற்றி எழுதிவிட்டார். நான் பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. தறிகள் நின்றுவிடும், நெய்வதற்குப் பாவு நூல் (நெடுக்காக ஓடும் நூல்) கொடுத்தவர்களோ, "துணி எப்பங்க வரும்?" என்று மணிக்கு ஒரு முறை அழைப்பார்கள். அப்போது என்னிடம் இருந்தது எஸ்2. அதன் 1,650 எம்ஏஎச் பேட்டரி நாள் முழுக்கப் பேசுவதற்குப் போதாது. ஆனால் இரண்டாவது பேட்டரி ஒன்றும் அதைத் தனியாகச் சார்ஜ் செய்யும் சிறு பெட்டியும் வாங்கி வைத்திருந்தேன். மின்சாரம் வரும் நேரத்தில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும், மற்றது கைப்பேசிக்குள் இருக்கும். மூடியின் ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால், காகிதம்போல் வளையும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் ஒவ்வொரு கொக்கியாக விடுபட்டு வரும். இருட்டில், தறிக்கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பார்க்காமலேயே பேட்டரியை மாற்றியிருக்கிறேன்.

அடுத்து வாங்கிய எஸ்4-இல் யாரும் பேசாத ஒரு வசதி இருந்தது. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரிகளை அதற்குள் வைத்திருந்தார்கள். எஸ் ஹெல்த் செயலியில் இரண்டும் எண்ணாகத் தெரியும். தறி ஓட்டுபவனுக்கு ஈரப்பதம் எவ்வளவு முக்கியம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் காற்று காய்ந்துபோனால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும், முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். கையில் பிடித்திருந்தால் உடல் சூடு கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், கைப்பேசியைத் தறியின் அதிர்வு எட்டாத ஒரு முக்காலியில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பார்ப்பேன். எண் இறங்கினால் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வேன். எஸ்5-இல் அந்த உணரிகளை எடுத்துவிட்டு இதயத் துடிப்பு பார்க்கும் உணரியை வைத்தார்கள். எனக்கு அது பயன்படவில்லை.

எஸ்5-உடன் கழற்றும் பேட்டரியும் முடிந்துபோயிற்று. பழுதுபார்ப்பவர்கள் யாராவது இருந்தால் ஒன்றை விளக்க வேண்டும்: அந்த எஸ்5 தண்ணீரையும் தாங்கியது, அதன் மூடியும் கழன்றது. அப்படியிருக்க, அடுத்து வந்தவற்றை ஏன் ஒட்டி மூடினார்கள்?

காந்திபுரம் மேசை (கோவை):

கைப்பேசிகளைத் திறந்து மூடுவதே என் தொழில் என்பதால் பதில் சொல்ல முயல்கிறேன். எஸ்5-இன் மூடிக்குள் பேட்டரியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மூடி நன்றாக அழுந்தியிருந்தால்தான் அது தண்ணீரைத் தடுக்கும், ஒரு கொக்கி விட்டிருந்தாலும் பயனில்லை. அதனால்தான் மூடியைப் போட்ட பிறகு நன்றாக அழுத்திவிடும்படி திரையிலேயே நினைவூட்டல் வரும். எஸ்6-இல் அவர்கள் விரும்பியது உலோகச் சட்டமும் இரண்டு பக்கமும் கண்ணாடியும். கம்பியில்லாச் சார்ஜிங் பின்புறம் முழு உலோகமாக இருந்தால் நடக்காது, கண்ணாடியாக இருந்தால் நடக்கும் என்பதும் ஒரு வசதி. கண்ணாடிக்குக் கொக்கி வைக்க முடியாது, பசைதான் வழி. எஸ்6 ஒட்டி மூடப்பட்டிருந்தும் அதற்குத் தண்ணீர்த் தடுப்புச் சான்று இல்லை என்பதையும் கவனியுங்கள். எஸ்7-இல்தான் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி68 வந்தது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒட்டியது தோற்றத்துக்காகவும் கண்ணாடிக்காகவும்; தண்ணீர்த் தடுப்பு பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

முன்பு நகம் செய்த வேலைக்கு இப்போது சூட்டுத் தகடு வேண்டும். பின்கண்ணாடியைச் சில நிமிடங்கள் சூடாக்கி, உறிஞ்சியால் இழுத்து, நூலளவு வாய் திறந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து ஓரமாகவே ஓட்ட வேண்டும். எஸ்8, எஸ்9 காலத்து வளைந்த திரைகளுக்கு எந்த ஒட்டுக்கண்ணாடியும் ஓரத்தில் சரியாக உட்காராது. எஸ்21-இன் அடிப்படை மாடலில் தட்டைத் திரை வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தோட்டக்காரர் எஸ்7-ஐக் கொண்டுவந்தார். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட) வாய்க்காலில் விழுந்து உடனே எடுத்துவிட்டாராம், ஆனாலும் உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. திறந்து பார்த்தால், அதற்கு முன் ஏதோ ஒரு கடையில் பேட்டரி மாற்றியவர்கள் பழைய பசையின் மேலேயே கண்ணாடியை அழுத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு முறை திறந்துவிட்டால், பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கென்று வெட்டிய புதிய ஒட்டுப்பட்டையை வைத்தால்தான் தடுப்பு ஓரளவாவது திரும்பும். கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும்.

கோபி வாத்தியார்:

என் அனுபவம் சிறியது. எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழக்கும் குழுவின் ஒத்திகைகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். எஸ்3-இல் போட்ட மெமரி கார்டை அப்படியே கழற்றி எஸ்7-க்கும், பிறகு எஸ்10-க்கும் மாற்றினேன். ஆசிரியர் பாட, பிள்ளைகள் அடியெடுத்து வைக்கும் பழைய பதிவுகள் எல்லாம் கைப்பேசியோடு கைப்பேசியாக வந்துகொண்டிருந்தன. எஸ்21 முதல் கார்டுக்கான இடமே இல்லை. எஸ்23-க்கு மாறியபோது அவற்றை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன். பதிவுகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒத்திகை நடக்கும் கோயில் திடலில் நின்றுகொண்டு, "மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த அடியை எப்படி வைத்தோம் பாரம்மிணி" என்று ஒரு சிறுமியிடம் உடனே எடுத்துக் காட்ட முடிவதில்லை. எஸ்10-ஐ அதற்காகவே இன்னும் வைத்திருக்கிறேன். 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளை இருந்த கடைசி எஸ் மாடலும் அதுதான் என்பதால், ஒலிபெருக்கிக்கு நேராக ஒயரைச் சொருகிப் பாட்டுப் போடவும் அதுவே உதவுகிறது.

நொய்யல்கரை (திருப்பூர்):

மூவருக்கும் நன்றி. மேசைக்கார அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு என் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. எஸ்24-க்கு 2031 வரை புதுப்பிப்பு வரும். அதுவரை அதன் பேட்டரி வராது. இடையில் ஒரு முறையாவது அதைத் திறக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் புதிய ஒட்டு வைக்கிறார்களா என்று நின்று பார்த்தே வாங்குவேன்.

சோமனூர்த் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த எஸ்4 இன்னும் உயிரோடு இருக்கிறதா? எங்கள் துணிக் கிடங்கில் மழைக்காலத்தில் ஈரம் ஏறி ரோல்களின் எடை மாறுகிறது. ஒரு மாதத்துக்குக் கொடுத்தால் அங்கே வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.