முதல் கேமிங் கணினி: பி550 மதர்போர்டுக்கு எந்தப் பிராசசர், எந்த எஸ்எம்பிஎஸ்?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சேர்த்துவைத்த பணத்தில் ஒரு கேமிங் கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதற்கு முன் எந்தக் கணினியையும் திறந்து பார்த்ததுகூட இல்லை என்பதால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

நண்பர் ஒருவர் தம்முடைய கணினியிலிருந்து பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டையும் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்றையும் குறைந்த விலைக்குத் தருகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வரும். மற்றவற்றை இப்படி யோசித்திருக்கிறேன்: பிராசசர் ரைசன் 5 7500எஃப், கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்ந்தே வரும் ஒரு கேபினெட். 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. தினமும் விளையாடுவது வேலரண்ட். விடுமுறை நாட்களில் கதையோடு வரும் பெரிய விளையாட்டுகளையும் விளையாட ஆசை.

இங்குள்ள கடையில் கேட்டபோது, 7500எஃப் அந்தப் போர்டில் உட்காராது, 5600ஜி வாங்கிக்கொள்ளுங்கள், கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது என்றார்கள். இரண்டுமே ரைசன் 5 என்னும்போது ஒன்று மட்டும் ஏன் பொருந்தாது? 5600ஜி வாங்குவது சரிதானா? வேறு எங்காவது நான் தவறியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: வைகைக்கரை

தம்பி, கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி உங்களுக்குச் சரிப்படாது.

ரைசன் 5 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. எந்தப் போர்டில் உட்காரும் என்பதை அது சொல்வதில்லை. பிராசசர் உட்காரும் இடத்தைச் சாக்கெட் என்பார்கள். உங்கள் பி550 போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். பிராசசரின் அடியில் இருக்கும் 1331 பின்கள் அந்தச் சாக்கெட்டின் துளைகளில் இறங்கும். 2022 செப்டம்பரில் 7000 வரிசையோடு வந்த ஏஎம்5 சாக்கெட்டின் அமைப்பே வேறு. அதில் பின்கள் போர்டின் பக்கம் இருக்கின்றன, எண்ணிக்கையும் 1718. போதாததற்கு, ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். எனவே 7500எஃப் வேண்டுமென்றால் போர்டு, ரேம் இரண்டையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

இனி 5600ஜி. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகாதவருக்கு அது நல்ல பிராசசர். நீங்கள் தனியாக ஒரு கார்டு வாங்குகிறீர்கள். அப்போது அதன் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சும்மா கிடக்கும், அதற்காக விட்டுக்கொடுத்தவை மட்டும் உங்களைப் பாதிக்கும். ஜி இல்லாத ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி; 5600ஜி-இல் அதில் பாதி, 16 எம்பி. வேலரண்ட் போல நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்கள் ஓட வேண்டிய விளையாட்டுகளில் இந்தக் கேஷ் மிகவும் முக்கியம். அடுத்தது, பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பேசிக்கொள்ளும் பாதையான பிசிஐஇ. 5600ஜி பிசிஐஇ 3.0 வரைதான் போகும். 5600 பிசிஐஇ 4.0 வரை போகும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களில் மட்டுமே பேசும் கார்டு என்பதால், 3.0-இல் ஓடினால் அதற்குக் கிடைக்கும் பாதையின் அகலம் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, 4.0-இல் ஏறத்தாழ 16 ஜிபி. கார்டின் 8 ஜிபி நினைவகம் போதும் வரை வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெரிய விளையாட்டுகளில் அது நிரம்பி, தரவு ரேமிலிருந்து போய்வரத் தொடங்கும்போது திணறல் தெரியும்.

ஆகவே ரைசன் 5 5600 வாங்குங்கள். பெட்டியோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். ரெயித் ஸ்டெல்த் கூலர் அதிலேயே இருக்கும். பெட்டியில்லாமல் ட்ரே என்று விற்பதில் கூலர் இராது, வாரன்டி யாருடையது என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். இதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதால், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் திரையில் ஒன்றும் வராது. கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். முதன்முறை கணினி பூட்டுபவர்கள் போர்டு போய்விட்டதோ என்று பதறும் இடம் இது.

ரேம் ஒன்றே ஒன்று என்கிறீர்கள். ஒற்றை ரேமில், தரவு போய்வரும் இரண்டு சேனல்களில் ஒன்றுதான் வேலை செய்யும். விளையாட்டுகளில் இழப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். அதே நிறுவனத்தின் அதே மாடலில் இன்னொரு 16 ஜிபி தேடுங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசசரின் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி-யை இயக்காவிட்டால் 3200 என்று விற்கப்படும் பல ரேம்கள் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பதில்: மின்கம்பி

மேலே சொன்ன அனைத்தும் சரி. எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்-இன் மேல் ஒட்டியிருக்கும் வில்லையைப் படித்துப் பாருங்கள். 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட், பிராசசர் முழுச் சுமையில் ஏறத்தாழ 80 வாட், போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 40 முதல் 50 வாட் என்று கூட்டினால் 270 வாட் வருகிறது. விளையாட்டின் நடுவே கணினி சட்டென்று அணைந்து மீண்டும் எழுவதற்கு இதுவே காரணமாகிவிடும். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வாட். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ஐத் தனியாக வாங்குங்கள். கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் கேளுங்கள்.

80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது. வாரன்டி எத்தனை ஆண்டு என்று பார்ப்பது அதைவிட நல்ல அறிகுறி.

இன்னொன்றை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். கழற்றிப் பூட்டும் கேபிள்கள் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதனோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். செருகும் முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய எஸ்எம்பிஎஸ்-இன் சாட்டா கேபிள் நீளமாக இருக்கிறதே என்று அதைப் புதியதில் செருகி, எட்டு ஆண்டுப் புகைப்படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கை ஒரே நொடியில் இழந்தேன். பிராசசருக்கான 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா? 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் எப்போதும் 550 வாட் இழுக்கும் என்று பொருளில்லை. கணினி கேட்பதை மட்டுமே அது எடுக்கும்.

பதில்: கோவை நிலா

நான் சற்று மாறுபடுகிறேன். ஏஎம்4 முடிந்துபோன சாக்கெட். ஏஎம்5-ஐ 2027-க்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 போர்டும் 7500எஃப்-உம் வாங்கினால், மூன்று ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நண்பரின் போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக முதல் கணினியையே பழைய மேடையில் கட்ட வேண்டுமா?

பதில்: வைகைக்கரை

நிலா, புதிதாக அனைத்தையும் வாங்குபவருக்கு நானும் ஏஎம்5-ஐயே சொல்லியிருப்பேன். ஆனால் 2025 இறுதியில் டிடிஆர்5 விலை ஏறிய விதத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? தம்பி போர்டையும் ரேமையும் புதிதாக வாங்கினால், அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் குறையும். விளையாட்டுக்கான கணினியில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் அது. மிச்சமாகும் பணத்தை, இயலுமானால், 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற கார்டின் பக்கம் திருப்பலாம். அது 16 தடங்களையும் பயன்படுத்தும் கார்டு. கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் நீளமுள்ள கார்டு நுழையும் என்பதை மட்டும் வாங்குமுன் பாருங்கள்; முன்பக்க விசிறியின் தடிமன் 25 மில்லிமீட்டரை அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை வாசகன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 5600 என்றே முடிவு செய்துவிட்டேன், எஸ்எம்பிஎஸ்-ஐயும் தனியாகவே வாங்குகிறேன். யுபிஎஸ் 600 விஏ, 360 வாட் என்று போட்டிருக்கிறது. நண்பரிடம் பேசினேன், அவர் அந்தப் போர்டை 2020-இல் வாங்கி ரைசன் 5 3600 போட்டிருக்கிறார், பயாஸை ஒருமுறைகூட மாற்றியதில்லையாம். இதனால் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: மின்கம்பி

வரும். நீங்கள் கேட்டது மிகவும் நல்லதாயிற்று. பி550 போர்டுகள் சந்தைக்கு வந்தது 2020 ஜூனில். 5000 வரிசை வந்தது அந்த ஆண்டு நவம்பரில். 5600 வந்தது 2022-இல். சாக்கெட் பொருந்தினாலும், பழைய பயாஸுக்கு இந்தப் பிராசசர் யாரென்றே தெரியாது. விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைத் திறந்தால், 5600-க்கு எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று இருக்கும்.

போர்டு இன்னும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் நல்ல நேரம். 3600-ஐக் கழற்றுவதற்கு முன்பே, யுபிஎஸ் இணைப்போடு, புதிய பயாஸை ஏற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு என்றால், பிராசசர் இல்லாமலேயே பயாஸை மாற்ற உதவும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக இருக்க வேண்டும், அல்லது யாரிடமாவது பழைய பிராசசரைக் கடன் வாங்க வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் தேவை. அவற்றையும் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும். யுபிஎஸ் பற்றி: கணினி 270, மானிட்டர் சேர்த்து 300-ஐ ஒட்டி வரும். மின்தடையின்போது ஆட்டத்தை முடித்து அணைத்துவிடும் அளவுக்கே அது தாங்கும்.

பதில்: வைகைக்கரை

நண்பர் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். சில நிமிடங்கள் ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின், கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்கச் சொல்லுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், ஏஎம்4-இல் பூட்டு மூடியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். போர்டின் அடியில் இருக்கும் பின்தகட்டையும், பின்பக்கத் துளைகளை மூடும் தகட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ரெயித் ஸ்டெல்த் கூலரின் நான்கு திருகுகளும் அந்தப் பின்தகட்டில்தான் இறங்கும். அது இல்லாமல் வீட்டுக்கு வந்தால் கூலரைப் பூட்டவே முடியாது.