மறு: நச்சுநீக்க நொதியா, நச்சுத்திரிப்பு நொதியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> 'டீடாக்சிஃபிகேஷன் என்சைம்' என்பதற்கு 'நச்சுநீக்க நொதி' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, புழங்குகிற சொல்லைக் கைவிட எனக்கும் மனமில்லை. ஆனால் கன உலோகங்கள் விலங்குகளின் ஈரலை என்ன செய்கின்றன என்று எழுத உட்கார்ந்தால், 'நீக்கம்' முதல் பத்தியிலேயே இடறுகிறது.

ஈரல் நொதிகள் எதையும் நீக்குவதில்லை. சைட்டோகுரோம் பி450 என்னும் நொதி, கொழுப்பில் கரையும் பொருளில் ஆக்சிஜனை ஏற்றி அதன் உருவை மாற்றுகிறது. அப்புறம் குளூட்டாதயோன் எஸ் டிரான்ஸ்ஃபரேஸ் போன்றவை அதோடு நீரில் கரையும் மூலக்கூறு ஒன்றைச் சேர்க்கின்றன. வெளியே தள்ளுவது பித்தமும் சிறுநீரும்தான். குளச்சலில் எங்களுக்கு மீன் வெட்டித் தரும் அக்கா, சூரையின் வயிற்றை ஒரே இழுப்பில் கீறிவிடுவார். ஈரலோடு ஒட்டிய அந்தப் பச்சைப் பைக்கு வந்ததும் கை தானாக மெதுவாகும். "பித்து உடைஞ்சா கறி கசந்துரும்" என்பார். நீக்கம் என்ற சொல் அந்தப் பைக்குத்தான் பொருந்தும். அதற்கும் முழுதாகப் பொருந்தாது: பித்தத்தோடு குடலுக்கு வரும் மெத்தில் பாதரசத்தில் பெரும்பகுதி திரும்பவும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

காட்மியம் என்ற கன உலோகத்தைக் கொடுத்த ஆண் எலிகளுக்கு ஹெக்சோபார்பிட்டால் என்னும் தூக்க மருந்தைச் செலுத்தினால், அவை வழக்கத்தைவிட நெடுநேரம் தூங்குகின்றன. பி450க்குள் இருக்கும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதியைச் சிதைக்கும் நொதியைக் காட்மியம் தூண்டிவிடுகிறது. ஹீம் குறைந்தால் பி450யும் குறைகிறது. மருந்து உருமாறாமலே இரத்தத்தில் சுற்றுகிறது. இதை 'நச்சுநீக்கம் குறைந்தது' என்று எழுதினால், படிக்கிற மாணவர் சிறுநீரகம் கெட்டது என்றல்லவா நினைப்பார்?

'நச்சுமுறிப்பு' என்று சென்ற வாரம் ஒருவர் சொன்னார். வைத்தியர் வாயில் வாழ்கிற அழகான சொல். ஆனால் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் ஈரலில், அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சை இன்னும் கொடியதாக்குவதும் இதே பி450தான். அங்கே எதுவும் முறியவில்லை.

சொற்கள் புணரும்போது வரும் விகாரம் மூன்று என்று பள்ளியில் படித்தோமே: தோன்றல், திரிதல், கெடுதல். பி450 செய்வது திரிதல். டிரான்ஸ்ஃபரேஸ் செய்வது தோன்றல், ஒன்று புதிதாக வந்து சேர்கிறது. பித்தமும் சிறுநீரும் செய்வது கெடுதல், அதாவது இல்லாமல் போதல். திரிந்த பால் போல, திரிதல் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதனால் 'நச்சுத்திரிப்பு நொதிகள்' என்பது என் பரிந்துரை. தென்னை நாரில் கயிறு திரிக்கும் ஈத்தாமொழிப் பக்கத்தில் திரிப்பு என்றால் கயிறுதான் நினைவுக்கு வரும். வரட்டுமே, நார் கயிறாவதும் உருமாற்றம்தான்.

உலோகத்துக்கு இது ஒத்துவராது. காட்மியம் ஒரு தனிமம். அதை எந்த நொதியாலும் சிதைக்க முடியாது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறிந்த மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைக் கந்தகத்தால் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். அது நொதியும் அல்ல. அதற்கு 'உலோகக்கட்டுப் புரதம்' போதும்.

டிரான்ஸ்ஃபரேஸ் வேலை செய்யும் இரண்டாம் படிக்குத்தான் சொல் சிக்கவில்லை. 'கோப்பு' என்றால் கணினிக் கோப்பு. 'பிணைப்பு' வேதிப் பிணைப்புக்குப் போய்விட்டது. 'சேர்ப்பு நொதி' சரியாக வருமா, ஐயா?