12 வோல்ட் பேட்டரியில் ஈஎஸ்பி32: தூங்கும்போதும் சார்ஜ் இறங்குகிறது

தென்னந்தோப்பு:
தோப்புத் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப்) போர்டு வைத்திருக்கிறேன். 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்ப்-மணி) யுபிஎஸ் பேட்டரி. அதிலிருந்து 7805 (5 வோல்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் ஐசி) வழியாகப் போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு. அரை மணிக்கு ஒருமுறை வைஃபையில் அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப் (சிப்பின் பெரும்பகுதி அணைந்திருக்கும் தூக்கம்). டேட்டாஷீட்டில் 10 மைக்ரோஆம்ப் என்றிருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது. 7805-ஐ எடுத்துவிட்டு இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்கலாமா?

செம்புக்கம்பி:
வேண்டவே வேண்டாம். நடுவிலிருந்து யாரும் கரண்ட் இழுக்காத வரைக்கும்தான் டிவைடர் (வோல்டேஜைப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டர்) கணக்கு நிற்கும். வைஃபை தொடங்கும்போது இந்த சிப் 300, 400 மில்லிஆம்ப் கூட இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆகும்; தூங்கும்போது எகிறி சிப்பே போய்விடும். பேட்டரி வோல்டேஜை ஏடிசியில் (சிப்பின் வோல்டேஜ் அளக்கும் பின்னில்) அளக்க மட்டும் டிவைடர் போடுங்கள்.

ஈயப்பற்று:
தம்பி, கரண்டைத் தின்பது சிப் இல்லை, சுற்றி இருப்பவை. 7805 சும்மா இருந்தாலே சுமார் 5 மில்லிஆம்ப். போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 என்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இன்னொரு 5. எல்இடி, யுஎஸ்பி சிப் எல்லாம் சேர்ந்தால் 15-ஐ நெருங்கிவிடும். 7 ஏஎச் என்றால் 7000 மில்லிஆம்ப்-மணி; அதை 15-ஆல் வகுத்தால் 466 மணி நேரம், 19 நாள். புது பேட்டரிக்கே அவ்வளவுதான். ஈய அமில பேட்டரியை அடிவரைக்கும் இறக்கவும் கூடாது.

பக் கன்வெர்ட்டர் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் மாட்யூல்) போடுங்கள். ஆனால் கடையில் முதலில் எடுத்து நீட்டும் எல்எம்2596 வேண்டாம், அதுவும் சும்மாவே 5 மில்லிஆம்ப் எடுக்கும். எம்பி1584 மாட்யூல் கேளுங்கள். அந்த ஐசிக்கு 100 மைக்ரோஆம்ப் அளவுதான். போர்டில் இணைக்கும் முன்பே ட்ரிம்மரைத் (வோல்டேஜை மாற்றும் சிறு திருகை) திருப்பி, மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் வந்ததைப் பார்த்துவிட்டு நேரே 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள். பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று. எல்இடியைச் சூடு காட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம், இப்படி இணைத்திருக்கும்போது யுஎஸ்பி கேபிளைச் செருகாதீர்கள்.

மின்மினி:
12 வோல்ட்தான் வேண்டும் என்றில்லாவிட்டால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LiFePO4) செல் ஒன்று போதும். சார்ஜரைக் கழற்றிச் சற்று ஓய்ந்ததும் 3.3 வோல்ட் பக்கம் வந்து நிற்கும். ரெகுலேட்டரே தேவையில்லை.

தென்னந்தோப்பு:
பேட்டரி கையில் இருப்பதால் எம்பி1584 போடுகிறேன் அண்ணா. ஒரு சந்தேகம்: ஸ்லீப் கரண்டை மைக்ரோஆம்ப் ரேஞ்சில் அளக்கப் போனால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறதே?

ஈயப்பற்று:
அந்த ரேஞ்சில் மீட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் பெரியது. வைஃபை கரண்ட் அதன் வழியாகப் போகும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்விட்ச் வையுங்கள். ஆன் செய்துவிட்டுப் போர்டை ஓடவிடுங்கள். அது தூங்கியதும் ஸ்விட்சை ஆஃப் செய்து அளவைப் பாருங்கள். மறுபடி விழிப்பதற்குள் ஆன் செய்துவிட வேண்டும்.