கல்லூரிக் கட்டணத்துக்குக் கடனும் சலுகையும் மறுக்கப்பட்டபோது என்ன செய்தீர்கள்? அனுபவங்களைப் பகிரலாம்

தொடங்கியவர்: ஒரு அம்மா, திருப்பூர்

ரிசல்ட் வரும் நேரம் நெருங்குகிறது. எங்கள் வீட்டில் 2022ல் நடந்ததை எழுதுகிறேன். அந்த நிலையில் இப்போது இருப்பவர்களுக்கு உதவினால் போதும்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. மகள் அந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், கட் ஆஃப் 162. ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து போன் வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இன்னும் நாலுதான் இருக்குங்க, கவுன்சிலிங் வரைக்கும் காத்திருந்தா கிடைக்காது" என்றார்கள். மார்க் அடிப்படையில் அரசே சீட் ஒதுக்குவதுதான் கவுன்சிலிங். பயந்துவிட்டோம். 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எல்லாவற்றையும் கையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருடத்துக்கு 1,60,000 என்றும் ஹாஸ்டலோ பஸ்ஸோ தனி என்றும் அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

எங்கள் கணக்கு இதுதான்: முதல் பட்டதாரி சலுகையில் கொஞ்சம் குறையும், மீதிக்கு பேங்கில் கல்விக் கடன் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் டிகிரி படித்தவர் யாரும் கிடையாது. இ-சேவை மையத்தில் சான்றிதழும் வாங்கிவிட்டோம். கல்லூரி அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இது கவுன்சிலிங்ல வர்றவங்களுக்குத்தாம்மா, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை." நாங்கள் நேரடியாகக் கல்லூரியிலேயே வாங்கியதுதான் அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட். அட்வான்ஸ் வாங்கும்போது அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூட எனக்கு அன்று வாய் வரவில்லை.

பேங்க் கதை இன்னும் மோசம். முதல் கிளையில், உங்கள் வீடு எங்கள் ஏரியா இல்லை என்றார்கள். இரண்டாவதில் மேனேஜ்மென்ட் சீட் என்றதும் ஃபைலை மூடிவிட்டு, சொத்துப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் இருப்பது வாடகை வீடு. மூன்றாவது கிளையில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாலு முறை அலைய விட்டார்கள். ஒவ்வொரு நடைக்கும் எனக்கு அரை நாள் கூலி போனது.

மகளுடைய பள்ளி டீச்சர்தான் காப்பாற்றினார். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளியாக இருந்திருந்தால் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கட்டணம் முழுவதையும் அரசே கட்டியிருக்கும். அது எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த டீச்சர் சொல்லி கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்து வைத்திருந்தோம். "அட்வான்ஸ் போனா போகட்டும், கவுன்சிலிங்குக்குப் போங்க" என்று அடித்துச் சொன்னார். போனோம். வேறொரு கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) பிரிவு கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு டியூஷன் கட்டணம் 55,000. முதல் பட்டதாரி சலுகை 25,000 கழிந்தது போக வருடத்துக்கு 30,000 ரூபாய். பஸ் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தனிதான், ஆனாலும் மூச்சு விட முடிந்தது.

டி.சி.யைத் திரும்ப வாங்குவதற்குள் அழுதுவிட்டேன். முழு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினலைப் பிடித்து வைக்கவும் கூடாது என்று, இன்ஜினியரிங் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி இருக்கிறதாம். டீச்சர் அந்த விதியைக் குறிப்பிட்டே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அந்த வாரமே டி.சி. வந்துவிட்டது. பணம் 24,000 நாலு மாதம் கழித்து வந்தது.

மகள் இப்போது கடைசி வருடம். உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, விழுப்புரம்

அம்மா, உங்களை மூன்று கிளைகளில் நடத்திய விதம் தவறு. 30 வருடம் பொதுத்துறை வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

"எங்கள் ஏரியா இல்லை" என்பதைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டுமென்றால் கிளை மேலாளர் தனியாக முடிவெடுக்கவும் முடியாது. அவருக்கு மேலே இருக்கும் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் பல கிளைகளில் விண்ணப்பத்தையே வாங்காமல் வாயாலேயே அனுப்பிவிடுகிறார்கள். வாங்காத விண்ணப்பத்தை நிராகரித்ததாகக் கணக்கு வராது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன், கிளைக்கு இருக்கும் வாராக்கடன் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் படிக்கிற பிள்ளை விலை கொடுக்கக் கூடாது.

இப்போது இதற்கு ஒரு வழி இருக்கிறது. நேரில் போகும் முன், கல்விக் கடனுக்கென்றே இருக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். எண் கிடைத்துவிடும், தேதி பதிவாகிவிடும். அப்புறம் யாரும் "நீங்க வரவே இல்லையே" என்று சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை, கடன் திரும்ப வராவிட்டால் வங்கிக்கு ஈடு கொடுக்க அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான கல்லூரியில் தொழிற்படிப்பு படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் மேனேஜ்மென்ட் சீட் என்றால் கதையே மாறிவிடும். தகுதி அடிப்படையில் வந்த சீட் எது, பணம் கொடுத்து வாங்கிய சீட் எது என்றுதான் வங்கி முதலில் பார்க்கும். கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை கையில் இருப்பது பாதிக் கடன் கிடைத்த மாதிரி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர் மகனுக்காக வந்தார். நல்ல மார்க், கவுன்சிலிங் சீட், எல்லாம் சரி. ஆனால் அவருடைய சிபில், அதாவது பழைய கடன்களைக் கட்டிய விவரத்தை வைத்துப் போடும் மதிப்பெண், மோசம். பார்த்தால் ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய டூவீலர் கடனில் 2,300 ரூபாய் நின்றுபோயிருந்தது. வண்டியை விற்றபோதே கணக்கு முடிந்துவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். அந்தப் பணத்தைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி வரச் சொன்னேன். வந்தார், கடன் போட்டுக் கொடுத்தேன். அந்த 2,300 ரூபாயைப் பற்றி அவருக்கு முன்னால் மூன்று கிளைகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சிபில் சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாணவரின் சிபில் குறைவாக இருப்பதைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் வரை போகும் முன், பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே அப்பா அம்மா இருவரும் தங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நாகர்கோவில்காரன், இப்போது சென்னை

நான் மேனேஜ்மென்ட் சீட்டில்தான் படித்தேன், 2017 பேட்ச். ஐயா சொன்னது போலவேதான் நடந்தது. பாட்டி பெயரில் இருந்த நிலத்தை அடமானமாக வைத்தால் 6.5 லட்சம் தருகிறோம் என்றது வங்கி. பட்டா கூட்டாக இருந்ததால் மாமா கையெழுத்து வேண்டும். மாமா முடியாதென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு மாதம் பதிலே சொல்லவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வருவார். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதன் பிறகு இரண்டு வருடம் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடன் வந்தும் போதவில்லை. அம்மாவின் நகை எல்லாம் அடகுக்குப் போனது. வருடா வருடம் வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைத்தோம். 2021ல் வேலை கிடைத்தபோது கல்விக் கடன் வட்டியோடு சேர்ந்து 8 லட்சம் ஆகியிருந்தது. 10.5 சதவீதம், ஏழு வருடம், மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய். முதல் வேலையில் கைக்கு வந்த சம்பளமே 24,000தான்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா மாதச் சீட்டு கட்டிய பணத்தில் அதைச் செய்திருக்கலாம். வேலைக்குப் போனவர்கள், பழைய வரி முறையில் இருந்தால், கட்டும் வட்டி முழுவதையும் எட்டு வருடம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் பாருங்கள். எனக்கு இரண்டு வருடம் வீணாகப் போனது.

என் வகுப்பில் கவுன்சிலிங்கில் வந்தவர்களும் இருந்தார்கள். அதே பெஞ்ச், அதே பாடம். அவர்கள் கட்டியது எங்களில் பாதிகூட இல்லை.

டிப்ளமோ படித்த பெண், தேனி

அக்கா, எனக்குக் கட் ஆஃப்பும் இல்லை, பணமும் இல்லை. பத்தாவது முடித்ததும் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். வருடத்துக்கு இரண்டாயிரம் சொச்சம்தான் கட்டணம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "பொம்பளப் பிள்ளைக்கு பாலிடெக்னிக்கா" என்றார்கள். மூன்று வருடம் முடித்துவிட்டு, காரைக்குடியில் நடந்த கவுன்சிலிங்கில் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணக்குப் பாடம் முதல் செமஸ்டரில் திணறடித்தது, அது உண்மை. பிளஸ் டூ படித்து வந்தவர்களுக்கு இணையாக வர எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனால் வீட்டில் யாரும் எனக்காக யார் வாசலிலும் நிற்கவில்லை. நாகர்கோவில் அண்ணன் எழுதியதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது.

தையல்காரர், ஈரோடு

தையல், கட்டிட வேலை செய்பவர்கள் நலவாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு வருடா வருடம் உதவித்தொகை உண்டு. பெரிய தொகை இல்லை, புத்தகச் செலவுக்கு ஆகும். கார்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் எனக்கு ஒரு வருடம் கிடைக்காமல் போனது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கியவர்: ஒரு அம்மா, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றிங்க. நாகர்கோவில் தம்பி, உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் முன்பு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான். 2024 டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். மகள் மூன்றாம் வருடம் படிக்கும்போதுதான் அது வந்தது. விண்ணப்பித்தோம், கிடைத்தது. பஸ் கட்டணத்தில் ஒரு பங்கு அதிலேயே போகிறது.

ஐயா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பட்டறைக்காக எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஃபைனான்ஸில் வாங்கிய கடன் முடிந்ததா என்று கேட்டேன், "முடிஞ்சிருக்கும்" என்றார். கையில் ரசீது எதுவும் இல்லை. மகன் இந்த வருடம் பிளஸ் ஒன் போகிறான். நாளைக்கு அவர் லீவு போட்டிருக்கிறார். முதலில் சிபில் எடுத்துவிட்டு, அங்கிருந்து அந்த ஃபைனான்ஸ் ஆபீசுக்கே போய் விசாரிக்கப் போகிறோம்.