துடைத்த தரையில் எண்ணெய் ஊற்றிய பாடம்

சென்னையில் இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். அமெரிக்காவில் செய்த ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தை சவுதித் தொழிலாளர்களுக்காக அரபிக்கு மாற்றும் வேலை வந்தது. மொழிபெயர்ப்பை ஏற்றினோம். எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது, 'அடுத்து' பொத்தானும் இடப்பக்கம் போனது. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அங்கே பார்த்துச் சொல்பவர் போனில் கேட்டார்: "சுத்தமான தரையில் எதற்கு எண்ணெய் ஊற்றச் சொல்கிறீர்கள்?"

மூன்று படங்கள். எண்ணெய் சிந்திய தரை, துடைக்கும் ஆள், பளிச்சென்ற தரை. எழுத்தைத் திருப்பிய நாங்கள் படங்களை அப்படியே விட்டிருந்தோம். அவர் வலப்பக்கத்திலிருந்துதானே பார்ப்பார்! சரி, எல்லாவற்றையும் கண்ணாடிபோலத் திருப்பிவிடலாம் என்றால், ஹெல்மெட்டில் இருந்த எழுத்தும் சேர்ந்து திரும்பிக்கொண்டது. கடிகாரத்தைத் திருப்பக் கூடாது, வீடியோவின் ப்ளே பொத்தானையும் கூடாது. எண்கள் அரபியிலும் இடமிருந்து வலம்தான். ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பார்த்ததில் நான்கு நாள் போனது.

தேர்வுக்குக் கடைசி நாள் வெள்ளி என்று வைத்தது தனிக்கதை. அங்கே 2013இலிருந்து வார விடுமுறை வெள்ளியும் சனியும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பதில் 1

நான் படிக்கிற பக்கத்தில் மாட்டியவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் படிப்பு. படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டாயம். இனிஷியலைப் போட்டால் ஏற்கவில்லை. அப்பா பேரைப் போட்டேன். அன்றிலிருந்து வந்த மெயிலெல்லாம் 'அன்புள்ள மிஸ் சுப்பிரமணியன்'. அப்பா பார்த்துவிட்டு, "என்னை எதுக்கும்மா மிஸ்ங்கிறாங்க?" என்றார்.

அதைவிடக் கஷ்டம், வாராவாரம் இரண்டு பேர் கருத்தை மறுத்து எழுத வேண்டும் என்றது. முகம் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் எப்படித் தப்பு என்பது? 'அருமையாகச் சொன்னீர்கள்' என்று இருவருக்கும் எழுதி 10க்கு 3 வாங்கினேன். கொரியாவிலிருந்து படித்த ஒருத்திக்கும் அதே 3. பிறகு ஆசிரியரே 'மறுக்க வேண்டாம், ஒரு கேள்வி கேட்டால் போதும்' என்று மாற்றினார். கேள்வி என்றதும் கை தானாக ஓடியது. ஆனால் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் கடைசிவரை வரவில்லை.

பதில் 2 (முதலில் எழுதியவன்)

எங்கள் பாடங்களில் 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைக்கச் சொல்லிக் கேட்டேன். சான்றிதழ் அடிக்கும் மென்பொருளுக்கு இரண்டு பெட்டி வேண்டுமாம். இப்போதைக்கு இரண்டிலும் ஒரே பேரைப் போடச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் ஒருவருக்கு 'செல்வி செல்வி' என்று சான்றிதழ் போனது.