ஷ்லைஷர் ஏன் இரண்டே மாதத்தில் கவிழ்ந்தார்?

கேள்வி: 1932 டிசம்பர் 3-இல் ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி), 1933 ஜனவரி 28-இல் ராஜினாமா. படையே கையில் இருந்தும் ஜெனரல் குர்ட் ஃபொன் ஷ்லைஷரால் ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை? நாஜிக் கட்சியைப் பிளக்கும் திட்டம் சொதப்பியதுதான் காரணமா?

பதில் 1: அது ஒரு பாதிதான். நாஜிக் கட்சியின் முக்கியத் தலைவர் கிரேகோர் ஸ்ட்ராஸருக்குத் துணைச் சான்சலர் பதவி தருவதாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஸ்ட்ராஸர் டிசம்பர் 8-இல் கட்சிப் பொறுப்புகளை உதறிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் பின்னால் ஒரு கோஷ்டியும் வரவில்லை. தொழிற்சங்கங்களோடு பேசியதும் சமூக ஜனநாயகக் கட்சியின் எதிர்ப்பால் நின்றுபோனது. 584 இடங்கள் கொண்ட ரைஷ்டாக்கில் (நாடாளுமன்றம்) ஷ்லைஷருக்கென்று ஒரு கட்சிகூட இல்லை.

பதில் 2: உண்மையான முடிச்சு அரசியலமைப்பில் இருக்கிறது. அவையைக் கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல் (விதி 25). ஜனவரி 31-இல் அவை கூடினால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிச்சயம். அதனால் கலைத்துவிட்டுத் தேர்தலையும் தள்ளிப்போட ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கிடம் ஷ்லைஷர் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், டிசம்பர் 2-இல் இதே யோசனையோடு நின்ற முந்தைய சான்சலர் பாப்பனை வீழ்த்தியது ஷ்லைஷரின் ஆள்தான்: நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒருசேரக் கிளம்பினால் ராணுவத்தால் சமாளிக்க முடியாது என்று அமைச்சரவையில் ராணுவ அதிகாரி ஓட் அறிக்கை வைத்தார். தான் வைத்த கண்ணியில் தானே!

பதில் 3: பாப்பனை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 4-இல் கொலோனில் வங்கியாளர் ஷ்ரோடர் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். கிழக்கு ஜெர்மனியின் பெரும் பண்ணையார்களும் ஹிண்டன்பர்க்கிடம் ஷ்லைஷர்மேல் புகார் சொன்னார்கள். கிழவர் காதில் விழுந்ததெல்லாம் அவர்கள் குரல்தான்.