தங்கம்மா வளவு: பெயர்ப்பலகை

குகன்: [படம்] மாதிரி வந்திட்டுது. குடிபூரலுக்கு இன்னும் 12 நாள். பாத்துச் சொல்லுங்கோ

ஜெயா அக்கா: வடிவா இருக்கு 👌

மதி: உளியால வெட்டின பள்ளம் மாதிரித் தெரியப் பெயின்ற் அடிக்கவெல்லோ சொன்னது? உது பிதுங்கி நிக்குது

குகன்: எனக்கும் என்னவோ போலதான். என்ன பிழை எண்டு பிடிபடேல்ல

சிவம் மாமா: வெளிச்சம் மாறிப்போச்சு தம்பி. இடப்பக்க மேல் மூலையிலயிருந்து வெளிச்சம் விழுது எண்டு வைச்சுத்தான் வழமையா நிறம் பிரிக்கிறது. வெட்டின பள்ளமெண்டால், படுத்த கோட்டில மேல் சரிவு நிலம் பாக்கும், அது இருட்டு. கீழ் சரிவு வானம் பாக்கும், அது வெளிச்சம். நிண்ட கோட்டில இடச்சரிவு இருட்டு, வலச்சரிவு வெளிச்சம். பெயின்றர் எல்லாத்தையும் மாத்தி அடிச்சிருக்கிறார். அதுதான் கொழுக்கட்டை மாதிரிப் பொங்கி நிக்குது

ஜெயா அக்கா: 😂😂

வசந்தி மாமி: கொழுக்கட்டை எண்டதும் ஞாபகம் வந்தது, பலகாரம் ஆர் செய்யிறது?

மதி: போனைத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ. பள்ளமாத் தெரியும்

குகன்: ஓம்! உண்மைதான்

ஜெயா அக்கா: அப்ப பலகையைத் தலைகீழாப் பூட்டுங்கோ, செலவில்லை

வசந்தி மாமி: மரத்தில உண்மையா வெட்டினா என்ன? பெயின்ற் எண்டால் ஊர் சிரிக்கும். காசு பிரச்சினை இல்லை எண்டு அப்பவே சொன்னனான்

ஜெயா அக்கா: தொடங்கீட்டா

மதி: எழுத்து 4 அங்குலம், கோட்டுத் தடிப்பு 20 மி.மீ. சிஎன்சியில (கணினியால வெட்டுற மெசின்) 90 பாகை V வெட்டு அலகு போட்டா ஆழம் 10 மி.மீ. 60 பாகை எண்டால் 17 வேணும். அங்குலப் பலகை சீவினாப் பிறகு 22தான் மிஞ்சும். 60 சரிவராது

சிவம் மாமா: பிளைவுட்டில வெட்டவே கூடாது. சரிவில ஒட்டின அடுக்கெல்லாம் வரி வரியாத் தெரியும், ஐப்பசி மழைக்கு அதாலதான் தண்ணி உள்ள போகும். தேக்கு எடு. பனை வேண்டாம், நார் கிழியும். கையால எண்டால் முதல் நடுக்கோட்டில உளியை நிமித்திக் குத்தி, பிறகு ரெண்டு கரையாலும் 45 பாகையில சரிச்சு வரவேணும். வ, ள சுழிக்குள்ள நிக்கிற குட்டித் துண்டுதான் கண்டம். அதில மரநார் நீளம் குறைவு, கொஞ்சம் இறுக்கினாத் துள்ளிப் போகும்

வசந்தி மாமி: 12 நாளில முடியுமோ?

சிவம் மாமா: கைவேலையோ? இல்லை

குகன்: அதுக்குள்ள கோயில் தேர்த் திருவிழாவும் வருது, அண்டைக்கு வாகனமும் பிடிக்கேலாது, பலகை ஏத்த

மதி: அப்ப உதையே திருத்துவம். நிறத்தை இடம் மாத்தினாச் சரி

சிவம் மாமா: சும்மா மாத்தேலாது. 320 இலக்க மண்தாளால மினுக்கத்தை எடுத்திட்டு அடிக்கவேணும். வெளிர் மஞ்சளுக்கு மேல கடும் காவி ஒரு தரம் காணும். காவிக்கு மேல மஞ்சள் ரெண்டு தரம், ஒவ்வொண்டும் ஒரு இரவு காயவேணும். மூலையில வெளி முனையிலயிருந்து உள் முனைக்குக் கோடு இழுத்து அதில நிறத்தை வெட்டு. வளைவில ஒரேயடியா மாத்தாத. வலப்பக்க மேலயும் இடப்பக்க கீழயும் கோடு வெளிச்சத்தோட சேந்து ஓடுது, அங்க ரெண்டு சரிவுக்கும் நடு நிறம்

ஜெயா அக்கா: மாமா, ஆராவது வாசிக்கிறாங்களோ 😅

மதி: நான் வாசிக்கிறன்

வசந்தி மாமி: பெயரும் ஒருக்கா யோசியுங்கோ. "வளவு" என்னத்துக்கு, "இல்லம்" எண்டா என்ன? அப்பான்ர பெயர் ஒரு இடத்திலயும் இல்லை

ஜெயா அக்கா: உந்தக் கதை போன வருசம் முடிஞ்சது மாமி

வசந்தி மாமி: உங்களுக்கு முடிஞ்சது

குகன்: பெயின்றரை நாளைக்கு மறிச்சு வைக்கிறன்

மதி: பொறு. பெருப்பிச்சுப் பார். முதல் 'ம்'முக்குப் புள்ளி எங்க?

ஜெயா அக்கா: தங்கமமா 🤣 அம்மம்மான்ர கலியாணக் கார்ட்டில வந்த அதே பிழை

சிவம் மாமா: மாஸ்கிங் டேப்போட உரிஞ்சு வந்திருக்கும். பெயின்ற் நல்லா இறுக முன்னம் டேப்பைக் கழட்டவேணும், அதுவும் மடிச்சு மெதுவா. புள்ளியையும் ரெண்டு பிறையாப் பிரிச்சு அடிக்கச் சொல்லு: மேல் இடம் இருட்டு, கீழ் வலம் வெளிச்சம்

குகன்: சரி மாமா. ஏணி ஆரிட்ட நிக்குது?

வசந்தி மாமி: பெயர்?